வயது வரம்பும் குடும்ப ஆதரவும்

(அருப்புக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)



குடும்பத்திற்கும் அரசாங்கத்திற்கும் உள்ள பரஸ்பரக் கடமைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அது ஒரு மாலைப் பொழுதில் அடங்கக்கூடிய விஷயமன்று. ஆகையால் அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வருமான வரியில் கழிவு, தொழிலாளியின் மருத்துவக் காப்பீடு, இறந்தவரின் ஓய்வூதியத்தில் பங்கு, மாணவருக்கான உதவித்தொகை என்று பல பெயர்களில் அரசாங்கம் குடும்பங்களுக்குச் செய்யும் சகாயங்கள் யாவும், பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுபவனையும் தனியாளாய் வாழ்பவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமன்று என்னும் ஓர் எண்ணத்தின் மீதே நிற்கின்றன. அவ்வெண்ணம் ஒரு பிள்ளையின் விஷயத்தில் எப்போது முடிவுக்கு வரவேண்டும் என்பதே என் கேள்வி. பதினெட்டு என்று ஒரு விதி சொல்கிறது, இருபத்தொன்று என்று மற்றொன்று சொல்கிறது, இருபத்தைந்து என்று வேறொன்று சொல்கிறது. இந்த எண்களுள் எது சரியானது என்று வழக்காட நான் வரவில்லை. பிள்ளையை ஒரு தீங்கிலிருந்து தடுத்துக் காக்கும் சட்டத்திற்கு வயதே அளவுகோலாக இருக்க வேண்டும் என்றும், பிள்ளையை வளர்க்கும் குடும்பத்தைத் தாங்கிப்பிடிக்கும் சட்டத்திற்கு அப்பிள்ளை உண்மையில் அக்குடும்பத்தைச் சார்ந்து நிற்கிறதா என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும் என்றும், இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதனால் மிகுந்த நஷ்டம் அடைந்தவை இந்த வானம் பார்த்த பூமியின் குடும்பங்களே என்றும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

1

முதலில் இந்தப் பூமியின் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியாகத் தெற்கே போனாலும், குண்டாற்றை ஒட்டித் திருச்சுழி, நரிக்குடி என்று கிழக்கே போனாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் என்று கணக்கில் காணும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வந்து விழுந்துவிட, எஞ்சிய மாதங்களில் கரிசல் வெடித்துக் கிடப்பதையே காண்கிறோம். பருத்தியும் சோளமும் கம்பும், மல்லியும் மிளகாயும் விளைந்த ஆண்டில் சம்சாரி வீட்டில் நெல்லுச்சோறு உண்டு. விளையாத ஆண்டில் தகப்பன் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறான், தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள், பெரிய மகள் வடக்கே ஏதாவதொரு நூற்பாலையின் விடுதிக்கு அனுப்பப்படுகிறாள். ஊருக்குள்ளே தறி வைத்திருக்கும் நெசவாளர் வீட்டிலோ, பள்ளி விட்டு வந்த பிள்ளை தார் சுற்றாமல் அன்றைய நெசவு நடப்பதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையின் சார்பு என்பது மாதச் சம்பளக்காரர் வீட்டில் போல ஒரே நேர்கோட்டில் குறைந்துகொண்டே வந்து ஒருநாள் அற்றுப்போவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் இரண்டு ஆண்டு ஆலையில் வேலை செய்து தங்கையின் சடங்குச் செலவைத் தாங்கிய பெண், பிறகு பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறி, இருபத்தோராம் வயதில் கல்லூரியின் முதலாண்டில் வந்து உட்காருகிறாள். அவள் பதினாறு வயதில் குடும்பத்தைத் தாங்கினாள், இருபத்திரண்டு வயதில் குடும்பம் அவளைத் தாங்குகிறது. வயதைக் கொண்டு அளக்கும் விதி, அவள் சம்பாதித்த காலத்தில் அவளைக் குழந்தை என்றும், அவளுக்கு ஒரு பைசா வருமானமில்லாத காலத்தில் அவளைத் தன் காலில் நிற்பவள் என்றும் கூறுகிறது. உண்மைக்கு நேர் விரோதமான இந்த முடிவு எவருடைய துர்எண்ணத்தாலும் வந்ததன்று. இடைவெளியின்றிப் படித்து, இருபத்தொன்றில் பட்டம் பெற்று, உடனே உத்தியோகத்தில் அமரும் பிள்ளையை மனத்தில் வைத்து அந்த விதி எழுதப்பட்டது என்பதே காரணம்.

2

வயது என்னும் அளவுகோலே இவ்வட்டாரத்தில் எத்தகையது என்பதையும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. ஆயினும் அதன் பிறகும் நெடுங்காலம் வீட்டிலேயே மருத்துவச்சியின் கையில் பிறந்த குழந்தைகளின் பிறந்தநாள், எந்தப் புத்தகத்திலும் ஏறாமல், பெரிய மழை பெய்த வருஷம், கண்மாய் உடைந்த வருஷம் என்று தாயின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துவந்தபோது, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது நிறைந்தது என்று தீர்மானித்து, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திற்குப் பொருந்துமாறு ஒரு தேதியை ஆசிரியரே எழுதிவிடுவார். இதை அந்த ஆசிரியர்கள்மேல் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காதைத் தொடும் சோதனை இல்லையாயின் பல நூறு பிள்ளைகள் பள்ளியின் படியையே மிதித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அவ்வாறு எழுதப்பட்ட தேதியே பின்னர் மாற்றுச் சான்றிதழில் ஏறி, அதிலிருந்து மதிப்பெண் பட்டியலில் ஏறி, அதிலிருந்து அடையாள அட்டைகள் அனைத்திலும் ஏறி, இறுதியில் தகப்பன் இறந்த பிறகு வரும் ஓய்வூதியம் எந்த மாதத்தோடு நிற்கும் என்பதையும் நிர்ணயிக்கிறது. உயரமாய் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வயது கூடவும், மெலிந்த பிள்ளைக்கு ஒரு வயது குறையவும் எழுதப்பட்டிருந்தால், ஊட்டத்தின் வித்தியாசமே உரிமையின் வித்தியாசமாகிவிடுகிறது. இன்று பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடப்பதால் இளைய தலைமுறைக்கு இந்தச் சங்கடம் பெரும்பாலும் தீர்ந்தது என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வயதை அளப்பது எளிது, சார்பை அளப்பது கடினம் என்று அதிகாரிகள் சொல்லும்போது, அந்த எளிய அளவும் எவ்வளவு அனுமானத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது என்பதை நாம் நினைவூட்டலாம்.

3

இனி, வயது எங்கே சிறிதும் தளராத எல்லையாக இருந்தே தீரவேண்டும் என்பதைச் சொல்கிறேன். இல்லையேல் என் வாதம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கவும், பட்டாசு ஆலையில் மருந்துக்கருகே உட்காரவும், இந்தச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து விடியுமுன் பஸ்களில் குழந்தைகள் அழைத்துச் செல்லப்பட்ட காலத்தை இங்குள்ள முதியவர்கள் அறிவார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ அபாயகரமான வேலையிலோ அமர்த்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 24-ஆம் ஷரத்து விதித்துப் பல்லாண்டுகள் ஆன பின்னும் அந்தப் பஸ்கள் ஓடின. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியின் குழந்தைகளுக்காக எம். சி. மேத்தா உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரின் வேலையை, குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் புறம்பாக உதவுவது போன்ற சில விலக்குகளோடு, எல்லாத் தொழில்களிலும் தடை செய்து, பதினெட்டு வரை அபாயத் தொழில்களில் தடை செய்தது.

இங்கே வயதுக்குப் பதிலாக, வேலை செய்யத்தக்க உடற்கட்டு உண்டா, குடும்பத்துக்கு அவ்வருமானம் அவசியமா என்றெல்லாம் ஆராயத் தொடங்கினால் அந்தச் சட்டம் ஒருநாளும் நிற்காது. ஏனெனில் கூலி கொடுப்பவனுக்கும் கூலி தேவைப்படும் பெற்றோருக்கும் ஒரே பக்கமாகப் பேசக் காரணம் இருக்கிறது, எதிர்ப் பக்கத்தில் பேச வேண்டிய குழந்தைக்கோ குரல் இல்லை. அத்தகைய இடத்தில் விவாதத்திற்கு இடம் தராத ஓர் எண்ணே குழந்தையின் காவல். பள்ளிப் படிப்பு உரிமையில் ஆறு முதல் பதினான்கு என்று வரையறுத்ததும் அதே நியாயத்தால்தான். அதைப் பதினெட்டு வரை நீட்ட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம், எனினும் அது வேறொரு நாளைக்கு உரியது.

மேத்தா தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் ஒரு நிதியில் செலுத்த வேண்டும் என்று சொன்னதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. அக்குழந்தையின் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசாங்கம் வேலை தர வேண்டும், தர இயலாவிடில் தன் பங்காக ஐயாயிரம் ரூபாய் அந்த நிதியில் சேர்த்து, அதன் வருவாயைக் குழந்தை படிப்பைத் தொடரும்வரை குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. தொகை அன்றைக்கே சிறிது. தத்துவமோ பெரிது. பிள்ளையைத் தடுக்கும் கடமை வயதோடு கட்டப்பட்டது, குடும்பத்தைத் தாங்கும் கடமை படிப்போடு கட்டப்பட்டது. என் கட்சி முழுவதும் அந்த ஒரு தீர்ப்பின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

4

வரிச் சட்டத்தின் சரித்திரத்துக்கு வருகிறேன். 1909-இல் இங்கிலாந்தில் லாயிட் ஜார்ஜ் தம் பிரசித்தி பெற்ற வரவுசெலவுத் திட்டத்தில், வருமானம் ஐந்நூறு பவுனுக்கு மேற்படாத வரிதாரர்களுக்குப் பதினாறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் பத்துப் பவுன் கழிவு அளித்தார். சுதந்திர இந்தியாவில் 1955-இல் சி. டி. தேஷ்முக் மணமானவருக்கு இரண்டாயிரம் ரூபாயும் மணமாகாதவருக்கு ஆயிரம் ரூபாயும் என்று வரிவிலக்கு வரம்பை வேறுபடுத்தினார். அடுத்த சில ஆண்டுகளில் குழந்தைகளும் கணக்கில் வந்தன. பிள்ளையில்லாத மணமானவருக்கு மூவாயிரம், ஒரு பிள்ளை இருப்பவருக்கு மூவாயிரத்து முந்நூறு, ஒன்றுக்கு மேல் இருப்பவருக்கு மூவாயிரத்து அறுநூறு என்று வரம்பு அமைந்தது.

அந்த விதியை எழுதியவர்கள் தனிநபரைப் பற்றிப் பேசும்போது, அவரைப் பெரும்பாலும் சார்ந்து நிற்கும் பிள்ளை என்று சொன்னார்கள். அதே விதியில் இந்துக் கூட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது, குடும்ப வருமானத்தில் வளரும் மைனர் பங்காளி என்று சொன்னார்கள். ஒரே ஷரத்தில் ஒரு கை சார்பை அளந்தது, மறு கை சார்போடு வயதையும் அளந்தது. தனித்து வாழும் குமாஸ்தாவின் இருபது வயது மகன் கல்லூரியில் படித்தால் அவன் பிள்ளை, கூட்டுக் குடும்பத்துச் சம்சாரியின் இருபது வயது மகன் அதே கல்லூரியில் அதே வகுப்பில் படித்தாலும் கணக்கில் இல்லை. 1970-இல், நிதிப் பொறுப்பையும் தாமே ஏற்றிருந்த பிரதமர் இந்திரா காந்தியின் வரவுசெலவுத் திட்டத்தில், எல்லோருக்கும் ஐயாயிரம் ரூபாய் என்று ஒரே வரம்பு வைக்கப்பட்டபோது இந்த வேறுபாடும் சலுகையோடு சேர்ந்து மறைந்தது.

அதன் பின் எஞ்சியவை துண்டு துண்டான சகாயங்கள். மாதம் நூறு ரூபாய் என்று பல பத்தாண்டுகள் அசையாமல் நின்ற கல்விப்படி விலக்கு, இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு 80சி பிரிவில் கிடைத்த கழிவு ஆகியவற்றையும் 2023-24 முதல் இயல்பாக வழங்கும் புதிய வரிமுறையைத் தேர்ந்தோர் பெறுவதில்லை. இவற்றைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை, ஏனெனில் இந்தப் பூமிக்கு அவை வந்து சேரவே இல்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. வரி கட்டாதவனுக்கு வரிக்கழிவால் பிரயோஜனம் என்ன? திருச்சுழிச் சம்சாரிக்கும், பாவு போடும் நெசவாளிக்கும், வரிச் சட்டத்தில் பிள்ளையின் வயது பதினெட்டாக இருந்தாலும் முப்பதாக இருந்தாலும் ஒன்றே. இந்த அநீதியை இங்கிலாந்தில் எலினோர் ராத்போன் அம்மையார் 1924-இல் வெளியிட்ட நூலில் தொடங்கி இருபதாண்டுகள் இடைவிடாது வாதாடியதன் பலனாகவே, 1945-இல் வரி கட்டுவோர், கட்டாதோர் என்ற பேதமின்றி இரண்டாவது பிள்ளை முதல் வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் குடும்பத்துக்கு நேரடியாக வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. வரியிலிருந்து விலகி நேரடி உதவிக்கு வந்தாலன்றி வயது வரம்பைப் பற்றிய பேச்சே நம் மக்களுக்கு அர்த்தமுடையதாகாது.

5

இவ்வூரில் நேரடி உதவியின் எல்லைக்குள் இருப்பவர்கள் யாரென்றால், முக்கியமாக நூற்பாலைத் தொழிலாளர்கள். அவர்களில் ஒருவருடைய வீட்டை மனத்தில் கொள்வோம். தகப்பன் உயிரோடு இருந்து ஆலையில் வேலை செய்யும்வரை, அவருடைய மருத்துவக் காப்பீடு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 1948-இல் எழுதப்பட்டு நெடுங்காலம் வழங்கிவந்த அந்த ஏற்பாட்டில், மேஜரான மகன் படித்துக்கொண்டிருந்தால் இருபத்தொரு வயது வரை குடும்பத்தில் ஒருவன். மணமாகாத மகளுக்கு அந்த எல்லை இல்லை. உடலோ மனமோ ஊனமுற்று உழைக்க இயலாத பிள்ளைக்கும் இல்லை. அதே தகப்பன் வேலையிலிருக்கும்போது ஒரு விபத்தில் இறந்துவிட்டால், அதே சட்டத்தின் சார்ந்தோர் உதவியில் மகனுக்கு எல்லை இருபத்தைந்தாகிவிடுகிறது. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், விதவைத் தாயின் ஓய்வூதியத்தில் நான்கில் ஒரு பங்கு வீதம், ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, இருபத்தைந்து வயது வரை கிடைக்கிறது. இதன் குறைந்தபட்சத் தொகை மாதம் இருநூற்றைம்பது ரூபாய்.

ஆக, அதே மகன் தகப்பன் இருக்கும்போது நோயுற்றால் இருபத்திரண்டு வயதில் அந்நியன், தகப்பன் இறந்தால் இருபத்திரண்டு வயதில் பிள்ளை. மத்திய அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்திலோ, முன்னர் மகனுக்கு இருபத்தொன்று, மகளுக்கு இருபத்துநான்கு என்றிருந்து, பின்னர் இருவருக்கும் இருபத்தைந்து என்றாகி, அதற்கும் பின்னர் மணமாகாத, கணவனை இழந்த, மணமுறிவு பெற்ற மகள்களுக்கு, வேறு வருமானமில்லை என்றால், இருபத்தைந்துக்கு மேலும் உண்டு என்றாயிற்று. ஒவ்வொரு திருத்தமும், வயதை வைத்துப் பார்த்தபோது வெளியே தள்ளப்பட்ட ஒருவரை, சார்பை வைத்துப் பார்த்து உள்ளே அழைத்த கதையே. நம் சட்டங்கள் தாமாகவே அந்தத் திசையில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுக்கு விரைவாகவும், ஆலைத் தொழிலாளி வீட்டுக்கு மெதுவாகவும் நகர்கின்றன, கரிமூட்டக்காரன் வீட்டை நோக்கி இன்னும் புறப்படவே இல்லை. அமெரிக்காவில் வரிக்குச் சார்ந்த பிள்ளையின் வயது பத்தொன்பதுக்குள் என்றிருந்தும், முழுநேர மாணவனுக்கு இருபத்துநான்குக்குள் என்றும், முற்றிலும் ஊனமுற்றவருக்கு வயதே இல்லை என்றும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பிள்ளைப் பணம் பதினெட்டோடு நின்றுவிடாமல், படிப்போ தொழிற்பயிற்சியோ தொடருமாயின் இருபத்தைந்து வரை வருகிறது.

6

சார்பை எப்படிச் சோதிப்பது, ஊர் முழுதும் பொய்ச் சான்றிதழ் பெருகாதா என்பதே எனக்கு எதிராகச் சொல்லப்படும் பிரதான ஆட்சேபம். இதற்கு நம் மாநிலத்தின் அநுபவமே விடை தருகிறது.

1977-இல் இந்த அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குச் சென்று முதலமைச்சரான எம்.ஜி.ஆர்., 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமப் பள்ளிகளில் உணவுக்கு உரியவர் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளே. பத்தாவது வயதில் பசி நின்றுவிடுவதில்லை. 1984-இல் பதினைந்து வயது வரை அது நீட்டப்பட்டது. இன்று எந்தப் பள்ளியிலும் உணவு பரிமாறும் முன் பிறந்த தேதியைக் கேட்பதில்லை, ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கிறாயா என்பதே கேள்வி. பிந்திச் சேர்ந்த பிள்ளையும், ஒருமுறை தவறி அதே வகுப்பில் மீண்டும் அமர்ந்த பிள்ளையும் அதனால் பசியோடு நிற்பதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், மாதம் ஆயிரம் ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே செல்கிறது, படிப்பு முடியும்வரை செல்கிறது. கல்லூரி தரும் சான்றே அங்கே சார்புக்குப் போதிய அத்தாட்சி. பொய்ச் சான்று அறவே இராது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால் ஒருவர் வகுப்பில் அமர்ந்திருக்கிறாரா என்பதைக் கண்டுபிடிப்பது, அவர் தாயின் ஞாபகத்திலிருந்த பிறந்தநாளைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமன்று.

ஆகையால் தொழிலாளர் காப்பீடு, ஓய்வூதியத்தில் பிள்ளைப் பங்கு, எதிர்காலத்தில் வரவேண்டிய நேரடிக் குடும்ப உதவி ஆகிய மூன்றிலும், கல்வி நிலையமோ தொழிற்பயிற்சி நிலையமோ ஆண்டுதோறும் அளிக்கும் சான்றே எல்லையாக வேண்டும். இருபத்தைந்து என்னும் எண்ணைச் சான்று கேட்கத் தொடங்கும் வயதாக வைத்துக்கொள்ளலாம், சகாயத்தை நிறுத்தும் வயதாக வைத்துக்கொள்ளலாகாது. உழைக்க இயலாத பிள்ளைக்குச் சான்று மருத்துவருடையதாக இருக்கட்டும், அதற்கு மேல் ஆண்டுதோறும் அவர்களை அலையவைக்க வேண்டாம்.

இதில் ஒரு நுட்பம் எஞ்சியிருக்கிறது, விதி எழுதுவோர் அதைக் கவனிக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். கல்விச் சான்று என்றவுடன் இடைவெளியில்லாத படிப்பையே அதிகாரிகள் நினைப்பார்கள். கட்டணத்துக்குப் பணம் சேர்ப்பதற்காக ஓராண்டு நின்றவளையும், அரியர் எழுதக் காத்திருப்பவனையும், தாயின் நோய்க்காக வீட்டில் தங்கியவளையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால், வயது வரம்பை ஒழித்து அதே தீங்கை வேறு பெயரில் நிலைநிறுத்தியதாகும். அத்தகைய இடைவெளியை இரண்டு ஆண்டு வரையிலேனும் படிப்பின் பகுதியாகவே கணக்கிட வேண்டும் என்றும், இடையில் ஈட்டிய கூலியைக் காட்டி ஒருவரைச் சார்பற்றவர் என்று தீர்க்கலாகாது என்றும் விதியில் எழுத வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் ஆலைக்குப் போன திருச்சுழிப் பக்கத்து மாணவி, அடுத்த ஜூனில் கல்லூரிக்குத் திரும்பி வரும்போது, புதிதாக ஒரு மனுவும் எழுதாமலே அவள் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.